பழைய கோல்மேன் 425 அடுப்பு: சரி பண்ணலாமா, புரொப்பேனுக்கு மாத்தலாமா?

சேலத்தான்

வணக்கம் மக்களே. கொலராடோவில் இருக்கேன். எங்ககிட்ட ஒரு சின்ன டியர்டிராப் டிரெய்லர் இருக்கு. உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம், பின்பக்கக் கதவைத் தூக்கினா சமையல் மேடை. அடுப்பு கிடையாது. பக்கத்து ஊர்ல ஒருத்தர் வீட்டு வாசல்ல பழைய சாமானெல்லாம் போட்டு வித்தப்போ கோல்மேன் ரெண்டு பர்னர் அடுப்பு ஒண்ணு கிடைச்சது. பச்சைப் பெட்டி, சிவப்பு டேங்க், மேல 425 ஈ-ன்னு போட்டிருக்கு. துரு அதிகம் இல்லை, ஆனா மூடியைத் திறந்தா பழைய பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்குது.

பம்பை அடிச்சா எதிர்ப்பே இல்லை, சும்மா போயிட்டு வருது. வித்தவர் எப்படியோ பத்த வச்சுக் காட்டினார். வலது பர்னர் மஞ்சளா எரிஞ்சு புகை கக்கிச்சு. இடது பக்கம் எரியவே இல்லை.

டேங்க்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல புரொப்பேன் அடாப்டர் மாட்டலாம்னு ஒரு நண்பர் சொல்றார். இன்னொருத்தர் அதெல்லாம் பாவம், அப்படியே சரி பண்ணுங்கறார். எங்கிருந்து ஆரம்பிக்கறது? பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு ஆக்கணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை.

கராஜ்வாசி

பெயிண்ட் கடைசி. அதை இப்போதைக்கு மறந்துடுங்க.

இந்த அடுப்போட வேலையை முதல்ல புரிஞ்சுக்கிட்டா பாதி முடிஞ்ச மாதிரி. டேங்க்ல எரிபொருள், அதுக்கு மேல நீங்க பம்ப் அடிச்ச காத்து. காத்தழுத்தம் எரிபொருளை மேல தள்ளுது. அது வலது பர்னர் மேல படுத்திருக்கிற பித்தளைக் குழாய் வழியா போகுது. அந்தக் குழாய்க்குப் பேர்தான் ஜெனரேட்டர். பர்னர் சூட்டுல உள்ளே திரவம் ஆவியாகி, நுனித் துளை வழியா பீறிட்டு, காத்தோட கலந்து பர்னருக்கு வருது. ஆக, அழுத்தம் நிக்கலைன்னா எதுவும் நடக்காது. உங்க முதல் எதிரி பம்ப். மஞ்சள் தீயெல்லாம் அப்புறம்.

அதுக்கும் முன்னாடி எரிபொருள் மூடி. திருப்பிப் பாருங்க, உள்ளே ரப்பர் காஸ்கெட் இருக்கும். நகத்தால அழுத்துங்க. பள்ளம் விழலைன்னா அது செத்துப் போச்சு. இந்த அடுப்புகள்ல தீப்பிடிக்கறதுன்னா பெரும்பாலும் மூடி கசிஞ்சுதான். எரியும் பர்னருக்கு ஒரு சாண் தள்ளி மூடி இருக்கு, உள்ளே அழுத்தம், ஆவி வெளிய வந்தா தீ அதைத் தேடி வரும். புது காஸ்கெட் சில டாலர்தான். பெட்ரோலைத் தாங்கற ரப்பர் வகையா, நைட்ரைல் அல்லது வைட்டான்னு கேட்டு வாங்குங்க. கையில கிடைச்ச சைக்கிள் டியூபை வெட்டி வைக்க வேண்டாம், பெட்ரோல் பட்டா ஊதிப் போயிடும்.

காஸ்கெட் மாத்தற வரைக்கும் திரும்பப் பத்த வைக்காதீங்க.

மதுரை மெக்கானிக்

தம்பி, போட்டோ போட்டிருந்தா நல்லாருக்கும், ஆனா நீங்க சொல்றதை வச்சே புரியுது. எங்க ஊர்ல பம்ப் ஸ்டவ்வு ரிப்பேர் பாத்த கை இது. கேஸ் வராத காலத்துல தெருவுக்கு ஒரு ஸ்டவ் ரிப்பேர்க் கடை இருக்கும். இப்போ மகன் வீட்டுல டெக்சஸ்ல இருக்கேன், இங்கயும் அதே பம்ப்புதான், ஆச்சரியமே இல்லை.

எதிர்ப்பு இல்லாம போயிட்டு வருதுன்னா வாசர் காஞ்சு சுருங்கிருச்சு. பம்ப் மூடியைப் பிடிச்சிருக்கற கிளிப்பையோ ஸ்க்ரூவையோ எடுத்துட்டுத் தண்டை வெளிய இழுங்க. நுனியில குட்டிக் கிண்ணம் மாதிரித் தோல் இருக்கும். விரலால தொட்டா சருகா சொரசொரன்னு இருக்கும். கிழியாம இருந்தா மாத்தவே வேணாம். எண்ணெயில ஊறப் போடுங்க. மறுநாள் எடுத்து, விளிம்பை விரலால சுத்தி லேசா வெளிப்பக்கம் விரிச்சு விடுங்க. கிண்ணத்தோட வாய் டேங்க்குக்கு உள்பக்கம் பாக்கணும். நேரா குத்தினா விளிம்பு மடிஞ்சுக்கும். அதனால குழாய் வாயில வச்சு, திருகிக்கிட்டே மெதுவா உள்ள விடுங்க. அப்புறம் பம்ப் அடிச்சா கட்டைவிரல்லயே தெரியும்.

ஊர்ல நாங்க தேங்காய் எண்ணெய்தான் போடுவோம். கொலராடோக் குளிருக்கு அது ஆகாது. 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சு போகும், காலையில பம்ப் அசையாது. தையல் மிஷின் எண்ணெய் போதும்.

சேலத்தான்

ரெண்டு பேருக்கும் நன்றி. ஐயா, தோல்தான், நீங்க சொன்ன மாதிரியே சருகா இருக்கு. ஊறப் போட்டாச்சு. டேங்க் உள்ளே டார்ச் அடிச்சுப் பாத்தேன். அடியில காப்பிப்பொடி நிறத்துல மெல்லிசா துரு. பெரிய செதில் இல்லை. இதுக்கு என்ன பண்றது?

கராஜ்வாசி

பழைய எரிபொருளை ஒரு டப்பாவுல ஊத்தி, ஊர் அபாயக் கழிவு மையத்துல குடுத்துடுங்க. சாக்கடையில வேண்டாம். அப்புறம் வெள்ளை வினிகர் ஊத்தி, ஒரு கைப்பிடி ஸ்டீல் நட் போட்டு, வாயை அடைச்சுக் குலுக்குங்க. துத்தநாகம் பூசின நட்டாக இருக்கக் கூடாது, வினிகர் அதைத் தின்னும். ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில கொட்டி, சோடா உப்புத் தண்ணியில அலசுங்க. கடைசியா கொஞ்சம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊத்திச் சுழட்டினா மிச்ச ஈரத்தை இழுத்துட்டு வந்துடும். ஈரத்தோட ஒரு நாள் விட்டாலே மறுபடி துரு பூக்கும். நட்டையெல்லாம் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க.

டேங்க் உள்ளே பூசற லைனர் விக்கறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. உரிஞ்சு வந்தா நேரா ஜெனரேட்டருக்குள்ளதான் போகும்.

காய்ஞ்ச பிறகு காலி டேங்க்குல காத்தடிச்சு, வாளித் தண்ணியில முக்குங்க. மூடி, வால்வுத் தண்டு, பம்ப் வாய் மூணு இடத்தையும் பாருங்க. குமிழி வரக்கூடாது. டேங்க் உடம்புலயே குமிழி வந்தா அந்த டேங்க்குக்கு விடை குடுத்துடுங்க. பெட்ரோல் இருந்த டேங்க்ல வெல்டிங், சால்டரிங் எதுவும் கூடாது. எப்பாக்சி ஒட்டறதும் கூடாது. இந்த மாடலுக்குப் பழைய டேங்க் தனியா கிடைக்கும்.

புதுமுகம்23

குறுக்கே வரேன், மன்னிக்கணும். எரிபொருள்னா என்ன ஊத்தணும்? மண்ணெண்ணெய்தானே? பங்க்குல போடற பெட்ரோல் ஆகுமா?

மதுரை மெக்கானிக்

தம்பி, மண்ணெண்ணெய் வேணாம். நம்ம ஊரு ஸ்டவ்வுல கிண்ணத்துல ஸ்பிரிட் ஊத்திப் பர்னரை முதல்ல சூடாக்குவோம், அப்புறம்தான் மண்ணெண்ணெய் ஆவியாகும். இந்த அடுப்பு அதுக்குன்னு செஞ்சது இல்லை. ஊத்தினா கரிதான் மிஞ்சும். தலைகீழா, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல பெட்ரோலை ஊத்திட்டா அது வெடிகுண்டு. அந்தக் காலத்துல ஸ்டவ் வெடிச்ச சேதியெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க, கலப்பட எண்ணெயும் அதுக்கு ஒரு காரணம்.

கராஜ்வாசி

இதுக்கு வேண்டியது ஒயிட் கேஸ். கோல்மேன் ஃப்யூவல்னு ஒரு கேலன் டின்னுல வரும். அடிப்படையில நாப்தா, கார் பெட்ரோல்ல கலக்கற மருந்தெல்லாம் இதுல இல்லை. பங்க்கு அன்லெடட் ஊத்தினாலும் எரியும். கோல்மேனே டூயல் ஃப்யூவல்னு தனி மாடல்கள் விட்டது அதுக்குத்தான். ஆனா பங்க்கு பெட்ரோல்ல கலந்திருக்கற சமாச்சாரமெல்லாம் ஜெனரேட்டர்ல படிஞ்சு சீக்கிரம் அடைக்கும், வாடையும் சமையல்ல ஏறும். அவசரத்துக்கு மட்டும்.

வடலி

கனடாவில நாங்கள் கேட்டு வாங்கிறது நாப்தா எண்டுதான். டொரோண்டோவில பெரிய கடையளில காம்ப் ஃப்யூவல் எண்டு இருக்கும். எங்கட வீட்டில இவர் இதே 425 ஐத்தான் வச்சிருக்கிறார், கன வருசமா ஓடுது.

நான் சொல்ல வந்தது வேற. சேலத்தான் தம்பி, உங்கட டிரெய்லரில குசினி பின்பக்கம் வெளியில எண்டு சொன்னியள், நல்லது. ஆனா அந்தக் கதவு அடுப்புக்கு நேர மேல நிக்குமல்லோ? இந்த அடுப்பு கொளுத்தின உடன கொஞ்ச நேரத்துக்கு மஞ்சள் சுவாலை முழ உயரத்துக்கு எழும்பும். கதவின்ர உள்பக்கம் பிளைவுட்டோ வார்னிஷோ எண்டால் கருகிப் போகும். நாங்கள் கொளுத்திறது மடக்கு மேசையில, வெளியில. நீலமா வந்த பிறகும் தூக்கி மேடைக்குக் கொண்டு போறதில்ல, அங்கேயே சமைச்சு முடிச்சிடுவம்.

மழை பெய்யுது, குளிருது எண்டு சொல்லி உள்ளுக்கை வச்சுக் கொளுத்திப் போடாதேங்கோ. கார்பன் மோனாக்சைட்டுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. படுக்கிற இடத்தில அலாரம் ஒண்டு கட்டாயம் பூட்டுங்கோ.

நீலச்சுவாலை

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அதனாலதான் கேட்கிறேன், இவ்வளவு தொல்லை எதுக்கு? டேங்க்கை எடுத்து அலமாரியில அழகுக்கு வையுங்க. அடாப்டர் மாட்டினா பம்ப் இல்லை, மூடி இல்லை, பெட்ரோல் டின் இல்லை, முழ உயரச் சுவாலையும் இல்லை. திருகினா தீ. குழந்தைகள் பக்கத்துல நிக்கற இடத்துல எனக்கு அழுத்தம் ஏத்தின பெட்ரோல் டேங்க் வேண்டாம்.

கராஜ்வாசி

அது நியாயமான வாதம்தான், மறுக்கலை. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அடாப்டர்ல மாட்டற ஒரு பவுண்டு சிலிண்டர் தீர்ந்தா குப்பை. கலிபோர்னியாவுல 2028 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடற சிலிண்டரை விக்கவே தடை. ரெண்டு, குளிர். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில கொதிக்கறது, அதனால பியூட்டேன் மாதிரி பூஜ்யத்துலயே படுத்துக்காது. ஆனாலும் குளிர்ல சின்ன சிலிண்டர்ல அழுத்தம் குறைஞ்சு, எரிய எரிய இன்னும் குளிர்ந்து, தீ தேஞ்சுக்கிட்டே வரும். பம்ப் அடுப்புல அழுத்தம் உங்க கையில. குறைஞ்சா நாலு அடி சேத்து அடிங்க.

சேலத்தான்

டிரெய்லர் முன்னாடி 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஏற்கெனவே இருக்கு. பக்கவாட்டுல ஒரு குவிக் கனெக்ட் வாயும் வச்சிருக்காங்க. அதுல அடாப்டரை மாட்டிட முடியாதா?

நீலச்சுவாலை

அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. டிரெய்லர் பக்கவாட்டு வாய்க்கு வர்றது ரெகுலேட்டர் தாண்டின கேஸ். அதோட அழுத்தம் 11 அங்குல உயரத் தண்ணி குடுக்கற அழுத்தம்தான், அதாவது சதுர அங்குலத்துக்கு 0.4 பவுண்டு (பிஎஸ்ஐ). அடாப்டர்ல ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் இருக்கு, அது நேரா சிலிண்டர்லேர்ந்து வர்ற முழு அழுத்தத்துக்காகச் செஞ்சது. குறைச்சதை மறுபடி குறைச்சா என்ன ஆகும்? மெழுகுவத்தி அளவுக்குத் தீ வரும், பால் கூடப் பொங்காது. அடுப்பு கெட்டுப் போச்சுன்னு நினைச்சுடுவீங்க.

சரியான வழி, 20 பவுண்டு சிலிண்டர்ல ரெகுலேட்டருக்கு முன்னாடி T வடிவ இணைப்பு ஒண்ணு பூட்டி, உயர் அழுத்த ஹோஸ் போட்டு அடாப்டருக்குக் கொண்டு வரணும். இணைப்பு ஒவ்வொண்ணுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா கீழ தேங்கி நிக்கும். டியர்டிராப்ல கீழேன்னா படுக்கைக்கு அடியில.

மதுரை மெக்கானிக்

நல்ல விளக்கம். எங்க வீட்டுலயா இருந்தா நான் பம்ப்பை விடமாட்டேன், ஆனா எனக்கு வயசாச்சு, பழக்கம். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு அவர் சொல்றதுதான் சரி.

சேலத்தான்

அப்டேட். பம்ப் ஜம்முன்னு எதிர்க்குது. காலி டேங்க்குல காத்தடிச்சு ராத்திரி முழுக்க வச்சேன், காலையில மூடியைத் தளர்த்தினா புஸ்ஸுன்னு வந்துச்சு. புது காஸ்கெட். ஒயிட் கேஸ் ஊத்திப் பத்த வச்சேன். வலது பர்னர் எரியுது, ஆனா இன்னும் மஞ்சள். இடது பர்னர் வால்வைத் திறந்தாலும் மூச்சே இல்லை.

கராஜ்வாசி

நல்ல முன்னேற்றம். இப்போ மஞ்சள் தீக்கு வருவோம். பத்த வச்ச முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மஞ்சள் இயல்பு, ஜெனரேட்டர் சூடாகலை. டேங்க் பக்கத்துல ஒரு சின்னக் கம்பி நெம்புகோல் இருக்கே, பத்த வைக்கும்போது அது மேல நோக்கி இருக்கணும். அந்த நிலையில டேங்க் மேல்பகுதிக் காத்தும் எரிபொருளும் கலந்து போகும். நீலம் வந்ததும் கீழே தள்ளிடணும். மேலயே விட்டா அழுத்தம் மளமளன்னு இறங்கும்.

கீழே தள்ளியும் மஞ்சள்னா ஜெனரேட்டர்ல கரி, இல்லைன்னா காத்து போற வழியில அடைப்பு. டேங்க்கை வெளிய எடுத்தா ஜெனரேட்டர் கூடவே வரும். நட்டைக் கழட்டி உருவுங்க. உள்ளே ஒரு நீளச் சுருள் கம்பி இருக்கும், அதைப் பிடிச்சு இழுங்க. கருப்பா கரி ஒட்டியிருக்கும். கார்புரேட்டர் கிளீனர்ல ஊற வச்சுத் துடைச்சு, குழாயையும் அதே மாதிரி அலசி, எதிர்ப்பக்கத்துலேர்ந்து காத்தடிங்க. நுனித் துளையில ஊசி, டிரில் எதையும் விடாதீங்க. அந்தத் துளை துளியூண்டு பெருசானாலும் கேஸ் அதிகமாகி ஆயுசுக்கும் மஞ்சள்தான். தேறலைன்னா புதுசு வாங்குங்க, ஆனா மாடல் எண் பாத்து வாங்குங்க. கோல்மேனோட பெரிய அடுப்பான 413-க்கும் உங்க 425-க்கும் ஜெனரேட்டர் வேற.

வடலி

இடது பக்கம் மூச்சில்லை எண்டால் சிலந்தியைத் தேடுங்கோ. பகிடி இல்ல. ரெண்டு பர்னரையும் இணைக்கிற குழாயுக்குள்ள வலை கட்டியிருக்கும். பெட்ரோல் மணத்துக்குச் சில சிலந்தியள் தேடி வருமாம். 2011 இல மஸ்டா 6 காருகளையே இந்தச் சிலந்தி வலைக்காகத் திருப்பிக் கூப்பிட்டவை. பெட்டியைக் கவிட்டு வச்சு, பைப் கிளீனர் இருக்கெல்லோ, பஞ்சுக் கம்பி, அதை விட்டுத் திருகி எடுங்கோ. எங்கட அடுப்பில சாம்பல் நிறத்தில பஞ்சுத் திரி மாதிரி முழு நீளத்துக்கும் வந்தது.

பர்னர் நடுவில இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டினால் வளையங்கள் அடுக்கடுக்கா வரும். ஒண்டு நெளிநெளியா, அடுத்தது தட்டை. எடுக்கேக்கை போனில படம் எடுத்து வையுங்கோ, அதே ஒழுங்கில திரும்பப் போடவேணும்.

சேலத்தான்

அக்கா, உங்க வாய்க்கு சர்க்கரை போடணும். இணைப்புக் குழாய்லேர்ந்து வலையும், காஞ்ச முட்டைக்கூடும் வந்துச்சு. ஜெனரேட்டர் சுருளையும் சுத்தம் பண்ணிட்டேன். வலது பக்கம் நீலம், சீறல் சத்தத்தோட. இடது பக்கமும் எரியுது. ஆனா வலது பக்கத்தை அணைச்சா இடதும் அணைஞ்சுடுது. இது கோளாறா?

கராஜ்வாசி

கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. வலது பர்னர்தான் ஜெனரேட்டரைச் சூடாக்குது. இடது பர்னருக்குப் போற ஆவியும் அங்கேர்ந்துதான். வலது இல்லாம இடது இல்லை. அதனால ரொம்ப நேரம் கொதிக்கறதை வலதுல வைங்க.

புதுமுகம்23

மலை மேல சாம்பார் வேகுமா இதுல? குக்கர் வைக்கலாமா?

சேலத்தான்

நாங்க லெட்வில் பக்கம் போகப்போறோம், அதே கேள்விதான் எனக்கும். ஊர் 3,094 மீட்டர் உயரம்.

நீலச்சுவாலை

அங்க தண்ணி கிட்டத்தட்ட 90 டிகிரியிலயே கொதிச்சுடும். திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு வெந்து முடியறதுக்குள்ள உங்க எரிபொருள் தீர்ந்துடும், கொண்டைக்கடலை நினைச்சே பார்க்காதீங்க. குக்கர் அவசியம். ஆனா குக்கரும் அங்க கொஞ்சம் சோம்பல்தான். வெயிட் தூக்கறது வெளிக்காத்தை விடச் சுமார் 15 பிஎஸ்ஐ அதிகமாகும்போது. கடல்மட்டத்துல உள்ளே 121 டிகிரி வரும், அந்த உயரத்துல 116 பக்கம். ரெண்டு மூணு விசில் சேத்து விடுங்க.

425 பெட்டி ஏறக்குறைய 18 அங்குல அகலம்தான், அஞ்சு லிட்டர் குக்கரை வச்சா பக்கத்துல டீ போடற பாத்திரத்துக்கு இடம் இருக்காது. மூணு லிட்டர் போதும். பெரிய பாத்திரம் கட்டாயம் வேணும்னா 413 தேடுங்க. ஆனா டியர்டிராப் மேடையில 413 உக்காருமான்னு அளந்து பாத்துட்டு வாங்குங்க.

வடலி

மலைக்கு ஏற முன்னம் மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டிடுங்கோ. நாப்தா டின்னை ஆக்கள் இருக்கிற பக்கம் வைக்காதேங்கோ. அடுப்பு சூடா இருக்கேக்கை திரும்ப நிரப்பவும் கூடாது. தேத்தண்ணி பிந்தினால் பிந்தட்டும்.

சேலத்தான்

குறிச்சுக்கிட்டேன் அக்கா. இப்போதைக்கு டேங்க்கோடயே போறோம், புரொப்பேன் அடாப்டர் யோசனையை விடலை, அடுத்த வருஷம் பாப்பாவும் வருவா. இப்போ பெயிண்டுக்கு வரலாமா? வீட்டம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க.

கராஜ்வாசி

சரி, வாங்க. முதல்ல ஒண்ணு. 1978-க்கு முந்தின பெயிண்ட்டா இருந்தா ஈயம் இருக்கலாம். உப்புத்தாளைக் காய்ஞ்ச பெயிண்ட் மேல தேச்சுத் தூசி கிளப்பாதீங்க. கடையில ஈயச் சோதனைக் குச்சி கிடைக்கும், பாத்துட்டு, தேய்க்கணும்னா தண்ணி போட்டு ஈரமாத் தேய்ங்க, முகமூடி போட்டுக்கோங்க. என்னைக் கேட்டா, பச்சைப் பெட்டிக்கு சோப்புத் தண்ணியும் ஒரு கோட் கார் மெழுகும் போதும். கீறலெல்லாம் இருக்கட்டும். ஓவன் கிளீனர் மட்டும் வேண்டாம், கிரீஸோட பெயிண்டும் சேர்ந்து வந்துடும். கம்பித் தட்டை மட்டும் எடுத்து எலுமிச்சை உப்புக் கரைசல்ல ஊற வைங்க.

டேங்க்குக்கு அடிக்கறதுன்னா இன்ஜின் எனாமல். சாதா ஸ்ப்ரே பெயிண்ட் மேல ஒயிட் கேஸ் ஒரு சொட்டு விழுந்தாலும் கரைச்சுடும்.

சேலத்தான்

பெட்டி மெழுகு, டேங்க் எனாமல்னு சமரசம் ஆயாச்சு. கடைசியா ஒண்ணு: எரியும்போது வால்வுத் திருகு பக்கத்துல லேசா பெட்ரோல் வாடை. சோப்புத் தண்ணி தடவினா தண்டு வெளிய வர்ற இடத்துல சின்னச் சின்னக் குமிழி.

மதுரை மெக்கானிக்

அது பேக்கிங் நட்டு, தம்பி. தண்டைச் சுத்தி உள்ள கிராஃபைட் பேக்கிங் இருக்கும், காலப்போக்குல தளர்ந்துரும். அடுப்பை அணைச்சு, ஆறவிட்டு, அழுத்தத்தை விட்டுட்டு, ஸ்பேனரை வச்சு எட்டுல ஒரு பங்கு திருகு இறுக்குங்க. அதுக்கு மேல வேணாம், வால்வைத் திருப்பவே முடியாமப் போயிரும். காத்தடிச்சு மறுபடி சோப்புத் தண்ணி தடவுங்க. இன்னும் குமிழி வந்தா இன்னொரு எட்டுல ஒரு பங்கு. அப்பவும் நிக்கலைன்னா பேக்கிங்கையே மாத்தணும், கிராஃபைட் கயிறு கடையில வாங்கலாம். குமிழி நிக்கற வரைக்கும் தீக்குச்சியைக் கையில எடுக்காதீங்க.